படிக்கிற விரல்

ஜொவெலினுக்குப் பார்வை இல்லை. ஆனால் செபு நகரத்துப் பார்வையற்றோர் சங்கத்தில் பிரெயில் வாசிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கால்சென்டர் வேலைக்குத் தட்டச்சுத் தேர்வு என்றதும், விசைக்கு விசை பிரெயில் புள்ளி வைத்த கீபோர்டில் பழகினாள். அங்கேதான் வந்தது வினை. புள்ளியைத் தொட்டால் அவள் விரல் சும்மா இருக்காது. எழுத்தைத் தடவிப் படித்து, சரிதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே அழுத்தும்.

அவள் கணவன் ரோடெலுக்கும் பார்வை இல்லை. மசாஜ் செய்து செய்தே விரல்கள் காய்த்துப்போய், பிரெயில் புள்ளி எதுவும் இப்போது அவனுக்கு உறைக்காது. அவனோ அதே கீபோர்டில் பொரி பொரிவதுபோலத் தட்டுவான்.

“என் விரல் படிக்காத கழுதை. சொன்ன எடத்துக்குப் போயிடும். உன்னுது பெரிய பண்டிதராச்சே!” என்பான்.

“பொறாமை புடிச்ச மனுசா, போ அந்தப்பக்கம்!”

வாய்தான் அப்படிச் சொன்னது, உள்ளுக்குள் பயம். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவளும் மசாஜுக்குத்தான் போகவேண்டும். விரல் காய்த்துவிட்டால் பிரெயில் படிப்பதும் போச்சு.

தேர்வு நாளில் டெசிரே என்ற அதிகாரி வாசலுக்கே வந்து கைபிடித்து அழைத்துப்போனாள்.

“உங்களுக்காகவே புள்ளி வெச்ச கீபோர்டு வரவழைச்சிருக்கோம்க்கா. தொட்டுப் பாருங்க!”

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஜொவெலின் சிரித்துவைத்தாள். ஹெட்போனில் ஓடும் வாடிக்கையாளரின் குரலைக் கேட்கக் கேட்கத் தட்டவேண்டும். அவள் விரல்களோ ஒவ்வொரு விசையிலும் நின்று படித்தன. குரல் எங்கோ போய்விட்டது. அவள் முதல் வாக்கியத்தையே தாண்டவில்லை. ஆசையாய் வாங்கி வைத்ததை வேண்டாம் என்றால் முகம் வாடிப்போவார்களே! போதாக்குறைக்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நினைப்பார்கள். வாயை மூடிக்கொண்டு தோற்றுப்போவதுதான் அந்த ஊர் மரியாதை.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“தப்பா நெனைக்காதீங்க மேடம். மத்தவங்க தட்டுற கீபோர்டே எனக்கும் குடுங்க.”

“ஏன்க்கா, இது வசதியா இல்லையா?”

“ரொம்ப வசதி. அதான் தொல்லை. எழுத்தைக் கண்டா என் விரல் படிக்க உக்காந்துடுது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெசிரே சிரிக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்து ஒன்றை எடுத்துவந்து வைத்தாள்.

எல்லாம் வழவழவென்று மொட்டை விசைகள். நடு வரிசையில் இரண்டில் மட்டும் சின்ன மேடு. சுட்டுவிரல்களை அங்கே ஊன்றினாள். படிக்க ஒன்றுமில்லை. முதலில் மிரண்ட விரல்கள், பிறகு பழகின இடங்களுக்குத் தாமாகவே ஓடின. குரல் நின்ற கையோடு அவளும் நின்றாள்.

“திங்கக்கெழமை வேலைக்கு வந்துடுங்க,” என்றாள் டெசிரே.

வெளியே வந்ததும் ரோடெலுக்குப் போன் செய்தாள். கிண்டல் செய்வான் என்று காத்திருந்தாள்.

“நல்லதாப் போச்சு,” என்றான். “வீட்டுல ஒருத்தருக்காவது படிக்கிற விரல் மிஞ்சட்டும்.”