ரேட்டு ஏறின நாள்

ஏலக்காய் ரேட்டு கிலோவுக்கு இருநூறு ஏறிவிட்டது என்று எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக்கடை கன்னையன் அண்ணன் ஓடிவந்து சொன்னபோது, நான் ஒரு எஸ்டேட் அம்மாவின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். காய் பறித்துப் பறித்துத் தோல் தடித்த கை. இந்தக் கைகளில் நரம்பு கிடைப்பது லேசில்லை. தடவிப் பார்த்து, ஒரே குத்தில் ஏற்றி, டிரிப்ஸைத் திறந்துவிட்டேன்.

"வெரசா போ முத்துப்பிரியா. இன்னைக்கு விட்டா இனி என்னைக்கோ" என்றார் அண்ணன்.

இது எங்கள் ஆஸ்பத்திரியின் எழுதாத சட்டம். டாக்டர் மகாராஜனுக்கு போடியில் இருபது கட்டில் ஆஸ்பத்திரி, மலைமேல் பதினைந்து ஏக்கர் ஏலத்தோட்டம். சம்பளம் கூட்டிக் கேட்பதென்றால் ரேட்டு ஏறின நாளில்தான் கேட்க வேண்டும். இறங்கின நாளில் அவர் அறைப் பக்கம் தலைகூட வைக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஊசி மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தந்தார்கள்.

இந்த ஒன்பது வருடத்தில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்றும் நல்ல ரேட்டு நாள். மூன்று முறையும் "பாப்போம்மா" என்று அனுப்பிவிட்டார். தீபாவளிக்கு அவராகக் கூட்டுகிற ஐந்நூறோடு சரி. ஏன் அப்படி என்று கேட்டால் கன்னையன் அண்ணனிடம் காரணத்துக்குப் பஞ்சமில்லை. "நூறு ஏறுனது பத்தாதுத்தா, எரநூறு ஏறணும்" என்பார். நானும் தலையாட்டுவேன். படித்த கழுதைதான் நான்.

ஆனால் இந்த முறை எனக்குத் தவணை கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் நெடுங்கண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி என்னைக் கூப்பிட்டிருந்தது. இங்கே வாங்குவதைவிட நாலாயிரம் கூட. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் விடியுமுன் ஜீப்பு பிடித்து போடிமெட்டு ஏறணும், வீடு திரும்ப ஒன்பது மணியாகும். எட்டாவது படிக்கிற என் மகள் பவதாரணியை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முழித்த கண்ணோடு பார்க்க முடியும். எனக்குப் போக இஷ்டமே இல்லை. இருக்கவும் கட்டுபடியாகவில்லை.

கதவைத் தட்டி உள்ளே போனேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்ததுமே, "நீயுமா?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"சம்பளந்தானே? இன்னைக்கு முடியாதும்மா."

"சார், ரேட்டு இன்னைக்கு நல்லா..."

"அதுனாலதான் முடியாது."

ரேட்டு ஏறினால் முடியாதா?  

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "காலையில இருந்து நீ நாலாவது ஆளு. ராசிங்காபுரத்துல இருந்து மச்சினன் வந்துட்டான். கோயில் கமிட்டிக்காரங்க வந்துட்டாங்க. தோட்டத்துக் கங்காணி போன் போட்டுட்டான். ரேட்டு ஏறுனா எல்லாருக்கும் எப்படித்தான் மூக்கு வேர்க்குமோ! வித்த காசு இன்னும் என் கைக்கே வரல. அதுனால நான் ஒரு வழக்கம் வச்சுக்கிட்டேன். ரேட்டு ஏறுன அன்னைக்கு யாரு கேட்டாலும் இல்லைதான். ஒருத்தருக்கு ஆமான்னா மத்தவங்க விடுவாங்களா?"

"எறங்குன அன்னைக்குக் கேட்டா, சார்?"

"எறங்குன அன்னைக்கு எவன் என்னையத் தேடி வந்தான்? அந்தச் சோலியெல்லாம் நல்ல நாளுக்குத்தானே வச்சிருக்கீங்க."

அவர் வருத்தமாகத்தான் சொன்னார். நிஜமாகவே வருத்தம். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதா, பாவம் என்று தோன்றுவதா என்று தெரியவில்லை.  ஆனாலும் கேட்டேன்.

"போன மாசம் ரேட்டு விழுந்து கெடந்துச்சே. அப்ப நான் வந்து கேட்டிருந்தா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். நோயாளியிடம் ரிசல்ட் சொல்லுமுன் யோசிப்பாரே, அந்த மாதிரி.

"குடுத்திருப்பேன்" என்றார். "எஸ்டேட்டு ஆளுக கையில நரம்பு எடுக்க இந்த ஆஸ்பத்திரியில ஒன்னைய விட்டா யாரு இருக்கா? எனக்கே கெடைக்க மாட்டேங்குது."

முடியாது என்று அவர் சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது. ஒன்பது வருடம். ரேட்டு விழுந்த நாளிலெல்லாம் இந்த அறை வாசலைச் சத்தமில்லாமல் கடந்து போயிருக்கிறோம், நானும் கன்னையன் அண்ணனும், எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும். எங்கள் வேலையை நாங்களேதான் கொண்டுபோய் அவருடைய காயோடு சேர்த்துத் தராசில் வைத்தோம். அவர் வைக்கவில்லை. அல்லது அவரும்தான் வைத்தாரோ? எனக்கு இன்றைக்கு வரைக்கும் இதில் தெளிவு கிடையாது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "அப்ப நான் போன மாசமே கேட்டதா வச்சுக்கங்க சார். இன்னைக்குள்ள நெடுங்கண்டத்துக்குப் பதில் சொல்லணும். அங்க என்னையக் கூப்புடுறாங்க."

அவர் என்னையே பார்த்தார். வெளியே யாரோ இருமினார்கள். ஐந்தாவது ஆளாக இருக்கும்.

"எவ்வளவு?" என்றார்.

நாளும் ரேட்டும் பார்த்தே காலம் போனதில், இந்தக் கேள்வி வரைக்கும் நான் ஒருநாளும் வந்ததில்லை. 'பாத்துச் செய்யுங்க சார்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைக் கடித்து விழுங்கினேன்.

"நாலாயிரம்."

"சரி" என்றார், மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லாமல்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். கன்னையன் அண்ணன் ஓடிவந்து, "என்னாச்சுத்தா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தனை வெரசாக அவர் சரி சொன்னதைப் பார்த்தால், இந்த ஒன்பது வருடமும் நான் எவ்வளவு குறைவாக வாங்கியிருப்பேன்?