கமாவின் இரண்டாம் புரூஃப்

அந்த வீட்டில் ஒரு சட்டை தைக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு நோயை வெட்ட வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தையல்காரியின் கணவர் வேலை பார்த்த பதிப்பகம் மருத்துவப் புத்தகங்களை மட்டுமே போடும். சர்க்கரை வியாதி, முதுகுவலி, குழந்தைக் காய்ச்சல், தூக்கமின்மை என்று வரிசையாக வரும். திருத்தி முடித்த புரூஃப் தாள்களை அவர் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். பெரிய தாள், ஒரு பக்கம் வெற்று. அளவுக் காகிதம் வெட்ட அதைவிட வாகான தாள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் வாசலை ஒட்டிய சின்னத் தையல் அறையில், ஆணியில் தொங்கும் காகிதக் கைகளிலும் காலர்களிலும் மனுஷனுக்கு வரக்கூடிய அத்தனை உபாதைகளும் அச்சாகியிருக்கும்.

“அக்கா, என் தோள்பட்டையில மூலம்னு போட்டிருக்கே, சட்டைக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்பார்கள் வாடிக்கைக்காரர்கள்.

“ஆச்சுன்னா சொல்லுங்க, வைத்தியம் முதுகுப் பக்கத்துல இருக்கு,” என்பாள் தையல்காரி.

கணவருக்குப் பதிப்பகத்தில் பட்டப்பெயர் கமா. காரணம் இருந்தது. அங்கே புரூஃப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சடித்த தாளில் விரலை ஓட்டிச் சரிபார்த்து, ஒவ்வொரு வரிக்கும் “ம்” சொல்வார். வாசிக்கிறவர் எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது, குறிகளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘காய்ச்சல் குறையவில்லை என்றால் கமா உடனே மருத்துவரைப் பாருங்கள் புள்ளி.’ கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் முதலாளி இந்த வழக்கத்தை விடவில்லை. மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஆள் போய்விடுவான் என்பது அவர் கட்சி. அதுவும் நியாயம்தானே? அப்படிப் பதினான்கு வருஷமாக, காலையிலிருந்து மாலைவரை, ஒருவித ராகத்தோடு வாசித்துத் தள்ளியவர்தான் கமா.

வீட்டுக்கு வந்தால் ஆள் கப்சிப். செருப்பைக் கழற்றும்போதே வாயையும் கழற்றி வைத்துவிட்டு வருகிறாரோ என்று தோன்றும். “வாய் வலிக்குது” என்பதுதான் அவர் வீட்டில் பேசிய மிக நீளமான வாக்கியம். தையல்காரியும் லேசுப்பட்டவள் இல்லை, கல்யாணமான நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டேதான் இருந்தாள். “ஊரான் வியாதியை எல்லாம் உரக்கப் படிக்கத் தெரியுது, வீட்டுல ஒரு வார்த்தை வரமாட்டேங்குதா?” அவர் சிரிப்பார். சிரிப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிரிப்போடு எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பது?

இன்னொரு வேடிக்கை, எந்தப் புத்தகம் ஓடுகிறதோ அந்த நோய் அவருக்கு வந்துவிடும். ஈரல் புத்தகம் என்றால் வலது விலாவைப் பிடித்துக்கொள்வார். கண் புத்தகம் என்றால் தூரத்து விளக்கைப் பார்த்துப் பார்த்துச் சிமிட்டுவார். புத்தகம் அச்சுக்குப் போனதும் நோயும் போய்விடும். “இந்த வாரம் எங்க?” என்று அவள் கேட்பாள். அவர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்.

நிஜமான நோய் வந்த அன்று எந்தப் புத்தகமும் ஓடவில்லை. அதாவது, நோய்ப் புத்தகம் எதுவும் ஓடவில்லை. ஒரு மருத்துவர், தன் வார்டில் படுத்திருந்தவர்கள் எழுதிய கவிதைகளைத் தொகுத்துக் கொடுத்திருந்தார். வலி தாங்க முடியாதவர்களை இரண்டு வரி எழுதச் சொன்னாராம். எழுதியவர்கள் அன்றிரவு கொஞ்சம் நன்றாகத் தூங்கினார்களாம். “கவிதை என்ன மாத்திரையா, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு போட?” என்று முதலாளி முணுமுணுத்துக்கொண்டேதான் புத்தகத்தை எடுத்தார். முதல் புரூஃபைக் கமா முந்தின நாள்தான் வாசித்து முடித்திருந்தார்.

அன்று காலை அவர் டீயோடு உட்கார்ந்திருந்தார். அவள் ஏதோ கேட்டாள், பதில் இல்லை. வேறு ஏதோ கேட்டாள், அதற்கும் இல்லை. அவளுக்கு அது புதிதா என்ன? பொத்தான் கட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியின் புது நாயைப் பற்றி அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் போயிருக்கும். டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பியபோது, அவர் முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அந்த அடையாளம் அவளுக்குத் தெரியும். பக்கவாதத்தின் அறிகுறிகள் அச்சான தாளில்தான் பள்ளிக்கூடச் சட்டைக் காலர் ஒன்றை வெட்டியிருந்தாள். நூறு தடவை கண்ணில் பட்டிருக்கும். ஒரு கணம்கூட யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வேறு எந்த வீடாக இருந்தாலும் மனுஷன் பதில் பேசவில்லை என்றதும் பதறியிருப்பார்கள்.

இரண்டு மாதத்தில் கால் நடைக்கு வந்தது. வலது கை மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. சொல்வதெல்லாம் புரிகிறது, பதிலும் உள்ளே இருக்கிறது, வாயைத் திறந்தால் “அ… அ…” என்று மட்டும் வருகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். பூனை. நாற்காலி. குடை. நானூறு மருத்துவப் புத்தகங்களை வாசித்தவரிடம் பூனைப் படத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? மூன்றாம் வாரம் அவர் அட்டைகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் முயற்சியே செய்யவில்லை.

பயிற்சிக்காரி தையல்காரியைத் தனியாக அழைத்தாள். “தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. இந்த நேரத்துக்கு இன்னும் ஆறு பேர் காத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அவரு முயற்சியே பண்ணலைன்னா, வேற ஒருத்தருக்குத்தான் கொடுக்கணும்.”

அன்று வீட்டுக்கு வந்து அவள் மிஷினில் உட்கார்ந்து அழுதாள். பேச்சில்லாத வீட்டில்தான் இத்தனை வருஷமும் இருந்தாள். ஆனால் அப்போது, பேச நினைத்தால் பேசுவார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இனி அதுவும் இல்லை என்றால் என்ன செய்வது?

புதன்கிழமை பென்சில் வந்தாள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் அந்தப் பெயர். கமா வாசிக்க, பதினான்கு வருஷமாக “ம்” போட்டவள் அவள்தான். கையில் தாள் கட்டு.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணனைப் பார்க்கவும் வந்தேன், வேலையாவும் வந்தேன். கவிதைப் புத்தகம் ரெண்டாம் புரூஃப். வாசிக்க ஆள் இல்ல. புதுசா ஒருத்தனைப் போட்டாங்க, கமாவை எல்லாம் முழுங்குறான்.”

“அவரால எப்படிம்மா?”

“நான் வாசிக்கிறேன். அண்ணன் தாளைப் பார்க்கட்டும். தப்பு இருந்தா பென்சிலால ஒரு தட்டு, அவ்வளவுதான்.”

தையல்காரிக்கு அது சரியாகப் படவில்லை. சீக்காளியிடம் வேலையைக் கொண்டுவருவதா? ஆனால் கமா ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இடது கையை நீட்டினார். பென்சில் தன் கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக் கொடுத்தாள்.

பென்சில் வாசிக்க ஆரம்பித்தாள். தையல்காரி அடுத்த அறையில் துணிக்கு இஸ்திரி போட்டபடி கேட்டாள். இதுதானா அது? இத்தனை வருஷமாக இந்த மனுஷன் நாளெல்லாம் பாடிவிட்டு வந்த பாட்டு இதுதானா? பென்சிலின் குரல் சுமார்தான். ஆனால் ராகம் அவருடையது என்பது கேட்டதும் தெரிந்தது. வரி ஏறி, கமாவில் ஒரு நிற்பு நின்று, புள்ளியில் இறங்கி உட்கார்ந்தது. அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இவளுக்கு மட்டும் கொடுத்து வைத்திருக்கிறதே!

ஒரு மணி நேரத்தில் இருபது கவிதை போயிற்று. கமா இரண்டு இடத்தில் தட்டினார். இரண்டும் சரியான தட்டு. பென்சிலுக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்தது. அவள் பார்க்கிறவள், வாசிக்கிறவள் இல்லை. அடுத்த கவிதை, கால் முறிந்து படுத்திருந்த ஒரு லாரி டிரைவர் எழுதியது.

“கதவு வரைக்கும் பத்து அடி கமா. நேற்று நடந்தது நாலு அடி கமா. நாளையும் நாலு அடி என்றால் கமா…”

டக். பென்சில் நிறுத்தினாள். கமா தாளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே? நாலு அடி சரியாத்தானே இருக்கு?”

டக் டக் டக். அவர் முகம் சிவந்துவிட்டது. பென்சில் தாளைப் பார்க்க எழுந்தாள். அதற்குள் அவர் பொறுமை போய்விட்டது. ஒரு வரி விட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் என்றைக்கு முடிந்திருக்கிறது?

“இன்று நடந்தது நாலு அடி கமா!”

இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அப்படியே வைத்துவிட்டுத் தையல்காரி ஓடிவந்தாள். பென்சில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நேற்று என்ற வரியும் இன்று என்ற வரியும் ஒரே மாதிரி முடிய, வாசித்தவளின் கண் ஒன்றைத் தாண்டிவிட்டது. புரூஃப் வேலையில் புழங்குகிற எல்லோருக்கும் நடக்கிற பழைய தப்புதான். கமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. நிறுத்தினால் ஓடிவிடுமோ என்று பயந்தவர்போல மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

“நாளையும் நாலு அடி என்றால் கமா, கதவே கமா, நீ கொஞ்சம் கிட்ட வா புள்ளி.”

மூன்று பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். பிறகு கருகல் வாசனை வந்தது. யாரோ ஒருவருடைய கால்சட்டை போயிற்று.

அன்று முழுக்கத் தையல்காரி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “இப்ப ஏதாவது சொல்லுங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க.” அவர் வாயைத் திறந்தார், “அ… அ…” தாளைக் கொடுத்தால் கவிதை வந்தது. தாளை எடுத்தால் ஒன்றுமில்லை. அவள் போனில் பென்சிலிடம் புலம்பினாள். “உங்ககிட்ட நாள் பூராவும் பேசினாரு. எனக்கு மிச்சம்கூட இல்லையா?”

“ஐயோ அண்ணி, அங்க அவரு பேசினதெல்லாம் அடுத்தவங்க எழுதினது. சொந்தமா எங்ககிட்டயும் ஒண்ணும் பேசினதில்ல.”

அதைக் கேட்டு நிம்மதிப்படுவதா வருத்தப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வரி வந்துவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் அது லாரி டிரைவரின் வரி. இவருடைய வரி எப்போது வரும்?

வெள்ளிக்கிழமை பயிற்சிக்காரி எல்லாவற்றையும் கேட்டாள். அட்டைகளை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். “எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். ராகத்தோட மனசுல பதிஞ்சது சில பேருக்கு வேற வழியா வெளிய வரும்,” என்றாள். பிறகு மேஜையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு, “சார், இப்ப உங்களுக்கு என்ன வேணும்? புரூஃப் வாசிக்கிற மாதிரி வாசிங்க,” என்றாள்.

அவர் வெகுநேரம் அவள் விரலையே பார்த்தார். நெற்றி வியர்த்தது.

“தண்ணி கமா,” என்றார். கண்ணை மூடினார். “வேணும் புள்ளி.”

பயிற்சிக்காரி எழுந்து போய்த் தானே தண்ணீர் கொண்டுவந்தாள். “இந்த நேரம் உங்களுக்குத்தான் சார். கமா புள்ளி எல்லாம் போகப் போக எடுத்துடலாம்.”

“இருக்கட்டும்மா,” என்றாள் தையல்காரி அவசரமாக. “அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு நாளுக்கு ஒன்று, இரண்டு என்று வந்தன. ‘கால் கமா வலிக்குது புள்ளி.’ ‘ஜன்னல் கமா திற புள்ளி.’ பக்கத்து வீட்டு நாய் உள்ளே வந்தபோது ‘போ ஆச்சரியக்குறி’ என்றார், நாய் போய்விட்டது. கவிதைப் புத்தகம் அச்சாகி வந்தது; முதல் பிரதியைப் பென்சில் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் தையல்காரிக்கு உள்ளே ஒரு குறை. வேண்டியதைக் கேட்கிறார். வேண்டாததைச் சொல்கிறார். பேச்சு என்பது அவ்வளவுதானா? வெட்கத்தை விட்டு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. உயிர் பிழைத்து வந்த மனுஷனிடம் இன்னும் கேட்கிறாளே என்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். சீருடை குவிந்து கிடந்தது. அவருக்கு ஒரு மணிக்கே சாப்பாடு போட்டுவிட்டு அவள் மிஷினில் உட்கார்ந்தவள்தான். மூன்று மணிக்கு அவர் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தையல் அறை வாசலில் வந்து நின்றார். அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

“என்ன வேணும்? தண்ணியா?”

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

“கால் வலியா?”

இல்லை. இடது கையால் கதவு நிலையில் மெல்லத் தாளம் தட்டினார். தட்டித் தட்டி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார்.

“நீ கமா சாப்பிட்டியா கேள்விக்குறி.”

மிஷின் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையில் தாள் எதுவும் இல்லை.

“இல்லைங்க,” என்றாள். “இதோ, இந்த ஒரு கையை முடிச்சிட்டு…”

“எழுந்திரு புள்ளி,” என்றார் கமா. “நான் கமா பக்கத்துல உக்கார்றேன் புள்ளி.”

தைத்துக்கொண்டிருந்த கையைப் பாதியிலேயே ஊசியோடு விட்டுவிட்டு அவள் எழுந்தாள்.