எண்ணெய் இல்லாத கை

குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஆயில் மசாஜ் செய்கிற இசக்கிமணிக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். தலைவலியா, எண்ணெய். முதுகுப் பிடிப்பா, எண்ணெய். அவன் வளர்க்கும் நாய் சொக்கிக்கு விலாவிலும் வயிற்றிலும் சீழ்க் கொப்புளம் வந்து முடி கொட்டியபோதும், மனுஷன் வேப்பெண்ணெயைக் கொண்டுவந்து அழுத்தித் தேய்த்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. புண் பரவி நாற்றம் எடுத்தது.

பக்கத்துப் பழக்கடை நாகராஜன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏலே இசக்கி, இதப் பாத்துட்டு எவம்லே ரம்புட்டான் வாங்குவான்? ஆனி பிறக்கதுக்குள்ள புண்ணு ஆறலேன்னா லோடு ஆட்டோவுல ஏத்திப் புளியரை செக்போஸ்டுக்கு அங்கிட்டு, கேரளா பக்கம் விட்டுருவேன், பாத்துக்க."

"அண்ணாச்சி, நான் காய்ச்சல்ல கிடந்தப்போ இவதான் காவல் இருந்தா."

"அதுக்காவ நான் யாவாரத்த விட முடியுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இசக்கிமணியை இன்னும் பயமுறுத்தியது. சீசன் இல்லாத மாதங்களில் ஈ காக்கை எட்டிப் பார்க்காத அந்தக் கொட்டகையில் அவனுக்குத் துணை என்று இருந்தது அந்த ஒரு ஜீவன்தான்.

மறுநாளே தென்காசி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர் ஸ்வாதி சொக்கியின் தோலைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு எண்ணெயும் யாரு தேச்சது?"

"நாந்தான், டாக்டரம்மா."

"இது கிருமிப் புண்ணு. எண்ணெயப் பூசி மூடினா அதுக்குக் கொண்டாட்டம். மாத்திரை தாரேன், நடுவுல நிறுத்தக் கூடாது. புண்ணச் சுத்தி முடிய வெட்டிருங்க. வேப்பிலை போட்டுக் கொதிக்க வச்ச தண்ணிய ஆறவிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைங்க. அப்புறம் குப்பைமேனியும் மஞ்சளும் அரைச்ச சாறப் பஞ்சால தொட்டு லேசா வைங்க. காயுற வரைக்கும் நக்க விடாதீங்க. முக்கியமா, உங்க கையில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது."

இசக்கிமணியின் கையில் பிசுக்கு இல்லாமலா? சீயக்காய் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தான். ஆட்களின் முதுகை அழுத்தியே பழகிய கை, பஞ்சைப் பட்டும் படாமலும் வைக்கக் கற்றுக்கொண்டது. முதலில் சொக்கி உறுமினாள். போகப் போக, மருந்து வைத்த தேங்காய்ச் சிரட்டையைக் கண்டாலே தானாக வந்து படுத்தாள். காயும்வரை அவள் தலையை மடியில் வைத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பான். சீழ் வற்றியது, நாற்றம் போனது. வயிற்றில் மட்டும் ஓரிடம் ஆறாமல் அடம் பிடித்தது.

ஆனி பிறக்கும் முன்னமே சாரல் முந்திக்கொண்டது. கூட்டமும் கூடவே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் இசக்கிமணி முழங்கைவரை எண்ணெயோடு ஒருவர் முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். துண்டோடு இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். மருந்து நேரம் ஆயிற்றே என்று சொக்கி சிரட்டை பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தாள். அந்த நேரம் பார்த்தா நாகராஜன் வர வேண்டும்?

இசக்கிமணி முதுகிலிருந்து கையை எடுக்காமலே தலையைத் தூக்கினான்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு இடந்தான் பாக்கி. கொஞ்ச நாள் பொறுங்க. இந்தா, கையக் கழுவிட்டு வந்து மருந்து வச்சிருதேன்."

நாகராஜன் குனிந்து பார்த்தார். சொக்கி வாலைத் தரையில் தட்டி, வயிற்றை இன்னும் நன்றாகக் காட்டினாள்.

"நீ சீயக்காய் போட்டு எப்பக் கழுவி முடிக்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் தரையில் உட்கார்ந்தார். "பஞ்ச எங்கலே வச்சிருக்க?"

"சிரட்டைக்குள்ள இருக்கு அண்ணாச்சி. லேசா வைங்க."

"தெரியும்லே. தெனமும் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

வைத்து முடித்ததும் சொக்கி வழக்கம்போலத் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். இந்த முறை நாகராஜன் மடியில். பழக்கடையிலிருந்து யாரோ ரம்புட்டான் என்ன விலை என்று கேட்டார்கள்.

"இருங்க, வாரேன்" என்றார் நாகராஜன். மருந்து காயும்வரை எழுந்திருக்கவில்லை.