தஸ்நேவிஸ் மாதா வடக்கே போகிறது

"ஏலே வளன், என் வள்ளத்துல கை வச்சது யாருலே?"

காலை எட்டு மணி. அல்போன்சா போட்ட சத்தத்தில், கரையில் மூட்டை முடிச்சோடு நின்ற ஏழு குடும்பமும் திரும்பிப் பார்த்தது. அவள் வள்ளத்து முகப்பில் இருபது வருஷமாக மஞ்சளில் 'தஸ்நேவிஸ் மாதா' என்று ஊர்க் கோயில் மாதாவின் பேர் எழுதியிருந்த இடம் முழுக்கப் பச்சையாக இருந்தது. பெயிண்டு இன்னும் காயவில்லை.

வளன், செத்துப்போன அவள் புருஷன் மனுவேலின் தம்பி. வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு மூப்பர். கையில் இருந்த பிரஷை அவர் மறைக்கவும் இல்லை.

"நான்தான் மைனி. சிலை வேண்டாம்னு போறவங்க, சிலைப் பேருல ஏறிப் போகலாமா?"

"எங்கிட்டக் கேட்டியா?"

"கேட்டா விடமாட்டீய."

மாதா கோயிலுக்கு வராமல் வீட்டில் ஜெபம் நடத்துகிறவர்கள் இந்தக் கரையில் படகு போடக் கூடாது என்று ஊர்க் கமிட்டி தீர்த்துச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. ஜெபம் நடந்தது அல்போன்சாவின் வீட்டில். மனுவேல் செத்தபோது நாற்பது நாளும் அவளுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் இந்த ஏழு வீட்டுக்காரர்கள்தான். "வீட்டுல ஜெபத்தை நிறுத்து, நீ மட்டும் இருந்துக்கோ" என்று கமிட்டி சொன்னதற்கு, "அவுக இல்லாத கரை எனக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தாள். தருவைகுளத்துக்கு வடக்கே ஒரு துண்டு நிலம் பேசி முடித்தாயிற்று. வலையும் பாத்திரமும் பிள்ளைகளும் ஏறுகிற மாதிரிப் பெரிய வள்ளம் அவளுடையது ஒன்றுதான்; வள்ளத்துக்காரி என்பதால் கரையில் அவளுக்குச் சம்மாட்டி என்று பேர்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கமிட்டிச் செயலாளர் ஜாக்சன் பல்லைக் காட்டினான்.

"என்ன சம்மாட்டி, ஒங்க ஆளுவளே மாதாவை மூடிட்டாங்க போலயே! பேசாம இங்கனயே இருந்துக்கிடுங்க."

"இது எங்க வீட்டுச் சண்டை. நீரு தள்ளி நில்லும்."

வளன் குரலை உயர்த்தினார். "மைனி, நானூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல ஒரு கூட்டம் இப்படித்தான் கப்பலேறிச்சு. சடங்கு வேண்டாம், வேதம் போதும்னு அமெரிக்காவுக்குப் போனாங்க. போன வாரம் பிரசங்கத்துல சொன்னேனே!"

"பாதிதான் சொன்னீய சித்தப்பா," என்றாள் விஜிலா. அல்போன்சாவின் மகள், பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவள். "அங்க எறங்குன பொறவு, வேற மாதிரிக் கும்பிட்டவங்களை அவங்களே வெரட்டுனாங்க. சிலரைத் தூக்குலயும் போட்டாங்க."

"இவ ஒருத்தி, பொஸ்தகத்தோட வந்துருவா."

விஜிலா வள்ளத்தை உற்றுப் பார்த்தாள். "அது கெடக்கட்டும். நம்பர் எங்க?"

பேருக்குக் கீழே இருந்த பதிவு எண்ணும் பச்சைக்குள் போயிருந்தது.

"நம்பர் இல்லாம துறைமுகத்தைத் தாண்ட முடியுமா? பீடி இலை கடத்துதவங்கன்னு மரைன் போலீஸ் அள்ளிட்டுப் போயிருவான்," என்றாள் விஜிலா.

ஜாக்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வளன் முகம் சுருங்கிற்று. "சரி, நம்பரை மட்டும் எழுதிருவோம்."

"மட்டுமா?" அல்போன்சா பிரஷைப் பிடுங்கினாள். "ஏளா விஜிலா, வள்ளத்துல கெடக்குத மஞ்ச டப்பாவை எடு."

அவள் எழுத்து எழுதிப் பழகியவள் இல்லை. ஈரப் பச்சையில் மஞ்சள் வழிந்தது. 'தஸ்நேவிஸ்' பழையதைவிட இரண்டு மடங்கு பெரிதாகி முகப்பை அடைத்துக்கொண்டது. 'மாதா' கீழ்ப்பலகைக்கு இறங்கிற்று. அதற்கும் கீழே விஜிலா சொல்லச் சொல்ல நம்பரை எழுதினாள்.

"இதுல நான் ஏறமாட்டேன்," என்றார் வளன். "என் கூட்டமும் ஏறாது."

"பஸ் இருக்கு, போ."

வளனின் பெண்சாதி மரியசெல்வி சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"ஏளா, எங்க போற?"

"பிள்ளைங்க வெயில்ல நிக்குது. நீங்க பஸ்ல வாங்க."

ஒவ்வொரு குடும்பமாக அவள் பின்னால் இறங்கியது. கரையில் வளன் மட்டும் நின்றார்.

அல்போன்சா முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பினாள். "கோயிலுக்கு வான்னு கமிட்டி சொல்லிச்சு, மாட்டேன்னேன். மாதாவை அழின்னு நீ சொல்லுத, மாட்டேங்கேன். அங்கன போயும் என் வீட்டுலதான் ஜெபம் நடக்கும். நீ ஒன் இஷ்டத்துக்குப் பண்ணு. நான் மாதாவைக் கூப்பிட்டா வாயைப் பொத்த வராதே. சம்மதம்னா ஏறு."

"மூப்பரே, கோயில் கதவு தெறந்துதான் கெடக்கு! வாரும்!" என்று ஜாக்சன் கூவினான்.

வளன் அவனைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகப்புப் பக்கம் போகாமல் சுற்றிவந்து பின்பக்கமாக ஏறினார்.

"ஏறிட்டேல்லா? சும்மா ஒக்காராதே," என்றாள் அல்போன்சா. "சுக்கானைப் பிடி. வடக்க."