தூங்குமூஞ்சியைத் தேடிய மத்தியானம்

காலை பதினொரு மணிக்குக் கொழுந்தன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அவள் அன்றைய மூன்றாவது டாக்டரை முடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்றால் ஆள் அல்ல, குரல்தான். மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்துவிட்டு டாக்டர்கள் ஒரு கருவியில் பேசிவைப்பார்கள். அந்தப் பேச்சு ஒரு நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து இவளைப்போல வீட்டில் உட்கார்ந்திருக்கும் தட்டச்சர்களுக்கு வரும். கேட்டு, அடித்து, மாலை ஆறு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். காதில் ஹெட்போன், மேசைக்கடியில் பெடல். முன்பாதத்தால் மிதித்தால் குரல் ஓடும், குதிகாலை அழுத்தினால் இரண்டு நொடி பின்னால் போகும். பதினான்கு வருடமாக இதே நாற்காலி. இடுப்பு வலிக்கு மட்டும் இரண்டு தலையணை மாற்றியிருக்கிறாள்.

அன்றைக்குப் பதினான்கு குரல்கள் வந்திருந்தன. மீதி பதினொன்று.

"அண்ணி, எழுந்திருங்க. ரெண்டே மணி நேரம். ஒரு மணிக்கு உங்க நாற்காலி உங்களுக்கு."

கொழுந்தன் பிரிண்டர் பழுதுபார்ப்பவன். அவன் பையில் பெரிய பென்குயின் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் குடும்பத்தில் அவனுக்குப் பெயரே பென்குயின். சொந்தத்தில் யார் வீட்டுக் கணினி இருமினாலும் ஒரு பென்டிரைவோடு வந்து நிற்பான். வந்தவன் சும்மா சரிசெய்துவிட்டுப் போகமாட்டான், ஏன் இருமியது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவான்.

அவனை வரச்சொன்னதற்குக் காரணம் நிறுவனத்தின் கடிதம். ஒன்றாம் தேதியிலிருந்து பழைய சிஸ்டம் உள்ள கணினிகளில் அவர்களுடைய தளம் திறக்காது. புது சிஸ்டமோ, 'உன் கணினிக்கு வயதாகிவிட்டது' என்று ஏற மறுத்தது. இன்றைக்குத் தேதி முப்பது. நாளையிலிருந்து பென்குயினுக்கு ஒரு வாரம் வெளியூர் வேலை. ஆக இன்றைக்கே, வயதான கணினியிலும் ஏறும் வேறொரு சிஸ்டத்தைப் போட்டாக வேண்டும்.

"இதுக்குப் பேரு லினக்ஸ். என் பையில ஒட்டியிருக்கற பென்குயின் இதோட சின்னம்தான். காசு கேக்காது, ஒளிவுமறைவு கிடையாது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா படிச்சுப் பாக்கலாம், மாத்தலாம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேரு சேர்ந்து எழுதினது."

"என் பெடல் வேலை செய்யுமா? அதைச் சொல்லு."

"செய்யும் அண்ணி. பெடல்னு நீங்கதான் நினைச்சுக்கிட்டிருக்கீங்க. கம்ப்யூட்டருக்கு அது மூணே மூணு பொத்தான் உள்ள கீபோர்டு."

அவளுக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. எழுந்து இடம் விட்டாள்.

பென்குயின் முறையாகத்தான் செய்தான். வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, பழைய அறிக்கைகள், படங்கள், மேசைத்திரையில் கிடந்தவை, இன்றைய பதினொரு குரல்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்தான். பிறகு திரும்பி, "வேற ஏதாவது இருக்கா? நல்லா யோசிங்க" என்று இரண்டு முறை கேட்டான். அவள் நல்லாவே யோசித்தாள். "அவ்வளவுதான்" என்றாள்.

பென்டிரைவிலிருந்து கணினி எழுந்தது. புதுத் திரை வந்தது, மொழி கேட்டது. 'டிஸ்க்கை முழுதும் அழித்து நிறுவவா?' என்று கேட்டது. ஆமாம் என்று பென்குயின் அழுத்தினான். ஒரு கோடு இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது. அது தன்பாட்டுக்குக் கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே, மறுபக்கம் பயனாளரின் பெயரைக் கேட்டது.

"நீங்களே அடிங்க அண்ணி. உங்க கம்ப்யூட்டர்."

அவள் குனிந்து இரண்டு எழுத்து அடித்து, இடைவெளிப் பொத்தானைத் தட்டினாள். காத்திருந்தாள். இரண்டு எழுத்து இரண்டு எழுத்தாகவே நின்றது. மறுபடி தட்டினாள்.

"என்ன அண்ணி, முழுப் பேரையும் அடிங்க."

"இதான் அடிச்சேன். வரமாட்டேங்குது."

"எது வரமாட்டேங்குது?"

"தட்டினா வருமே, அது."

இந்த 'அது' என்ன என்று சொல்லிவிட வேண்டும். பேசும் வேகத்துக்கு யாராலும் எழுத்தெழுத்தாக அடிக்க முடியாது. அதனால் தட்டச்சர்கள் சுருக்கங்கள் வைத்திருப்பார்கள். 'மவஇ' என்று அடித்து இடைவெளி விட்டால் 'மார்பு வலி இல்லை' என்று விரியும். இன்னொரு நாலெழுத்துக்கு ஒரு பத்தியே விரியும். சுருக்கங்களை விரித்துக்கொடுக்க ஒரு சின்ன மென்பொருள் உண்டு. ஒவ்வொரு தட்டச்சரும் தன் சுருக்கங்களைத் தானே சேர்த்துக்கொண்டே போவார். இவளிடம் நாலாயிரத்துக்குப் பக்கம் இருந்தன. அவளுடைய வேகத்தில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியல்தான்.

பட்டியல் டிஸ்க்கில் ஒரு கோப்பாக, கண்ணுக்குக் காட்டாத ஒரு மறை ஃபோல்டருக்குள் இருந்தது. கணினி எழும்போது அதுவும் தானே எழுந்துவிடும். பதினான்கு வருடத்தில் அவள் அதைக் கோப்பென்று ஒருமுறைகூடத் திறந்ததில்லை. வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, தன் பல்லைச் சொல்வாளா, நகத்தைச் சொல்வாளா? அப்படித்தான் அதையும் சொல்லவில்லை.

'அது' எது என்று பென்குயினுக்கும் புரிந்தது. அடுத்த நொடி, பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்தான். கோடு நாற்பது சதவீதத்தில் செத்தது.

"என்னடா பண்ணே?" என்றாள். கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அப்போது சொன்ன 'டா'வை அவன் வேலைக்குப் போனபிறகு அவள் விட்டிருந்தாள்.

"கேட்டேனே அண்ணி. ரெண்டு தடவ கேட்டேன்."

"கேட்டே. நானும் சொன்னேன். இப்ப யாரைத் திட்டறது?"

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டவும் தெம்பு வேண்டும். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த மாதம் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் ஏற்கெனவே ஆறு மணிக் கெடுவைத் தவறவிட்டிருந்தாள். ஒரே மாதத்தில் இரண்டாம் முறை தவறினால் நிறுவனத்தில் அவளுடைய இருக்கை, அதாவது வேலை, காத்திருப்புப் பட்டியலில் உள்ள வேறொருவருக்குப் போய்விடும். பிறகு அந்தப் பட்டியலின் வாலில் போய் நிற்க வேண்டும். சுருக்கங்கள் இல்லாமல் ஆறு மணிக்குள் நாலு குரல் முடிந்தாலே பெரிது.

"அண்ணி, ஒரு விஷயம் கேளுங்க. அழிச்சாச்சுன்னா அழிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல."

"ஆரம்பிச்சுட்டியா?"

"இல்ல, இது நிஜமாவே கேக்க வேண்டியது. ஒரு பெரிய அடுக்குமாடி. வாசல்ல யார் எந்த வீட்டுலன்னு ஒரு போர்டு. நான் பண்ணது அந்தப் போர்டைக் கழட்டினது. உள்ள இருக்கறவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க. புதுசா குடிவர்றவங்க ஒவ்வொரு வீடா பிடிக்கிறவரைக்கும் இருப்பாங்க. புதுசா வந்ததுக்கு இடம் கொஞ்சம்தான். உங்க டிஸ்க்கு பெருசு. பழைய சுழலற டிஸ்க்கு வேற. புது மாதிரியா இருந்தா போர்டைக் கழட்டினதுமே உள்ளயும் காலி பண்ணியிருக்கும்."

"கிழடா இருந்ததுல ஒரு லாபம்ங்கற."

"அதேதான்."

பென்டிரைவிலிருந்து மறுபடி எழுப்பினான். இந்தமுறை எதையும் நிறுவாமல், வெறுமனே பார்க்கும் நிலை. டிஸ்க்கின் முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை, போர்டை நம்பாமல், ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்கலாம். அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும்.

"பட்டியல்ல இருக்கற ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மார்பு வலி இல்லை."

"அது உங்க அறிக்கை அத்தனையிலும் இருக்குமே. பத்தாயிரம் கதவு திறக்கும். பட்டியல்ல மட்டும்தான் இருக்கணும். வேற எந்த இடத்துலயும் நீங்க எழுதியே இருக்கக்கூடாது."

அவளுக்கு உடனே தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அண்ணி, நேரம் போகுது."

"தூங்குமூஞ்சி," என்றாள்.

"என்னது?"

"முட்டி ஆபரேஷன் டாக்டர் ஒருத்தர் இருக்காரு. பாதிப் பேச்சு கொட்டாவி. எப்பவும் கடைசில ஒரே பத்தியைத்தான் சொல்லுவாரு. அதுக்கு நான் வச்ச சுருக்கம். தூங்குமூஞ்சின்னு அடிச்சா அந்தப் பத்தி வரும்."

"சுருக்கம்னா சின்னதா இருக்கணுமே? ஆறெழுத்து இருக்கே!"

"அடிக்கறப்ப ஒரு ஆறுதல்," என்றாள்.

"யாரு கூப்பிட்டது?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. கணவன், பேருந்து ஓட்டுபவன். அதிகாலை முறை முடித்து வந்து படுத்திருந்தான். லுங்கியை இறுக்கிக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி வாசற்படியில் நின்றான். "தூங்குமூஞ்சின்னு காதுல விழுந்துச்சே?"

அண்ணியும் கொழுந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சிரிப்பு வந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

தேடல் தொடங்கியது. டிஸ்க் பழசு. முழுதும் படிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றான். படிப்பதை அவசரப்படுத்த முடியாது. தட்டு சுழல வேண்டும், ஊசி அதன்மேல் ஊர வேண்டும், அதற்கென்று ஒரு வேகம் உண்டு. அவள் தேநீர் போட்டு மூன்று பேருக்கும் ஊற்றினாள். ஹெட்போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

நாற்பதாவது நிமிடத்தில் ஒரு வரி வந்தது. மூவரும் குனிந்தார்கள். 'தூங்குமூஞ்சி இன்னும் எழுந்திருக்கலை, காய் வாங்க நான்தான் போகணும்' என்றிருந்தது. அவள் என்றைக்கோ தன் தங்கைக்கு எழுதிய செய்தி.

கணவன் வாசித்தான். இரண்டாம் முறையும் வாசித்தான். "இது டாக்டர் இல்லையே?"

"உங்களுக்கு ரெண்டாவதாத்தான் வச்சேன். முதல் பட்டம் டாக்டருக்கு."

"அந்த மட்டும் சந்தோஷம்," என்று அவன் தேநீர்க் கோப்பையோடு திரும்பிப் போனான்.

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. இரண்டரைக்கு ஒன்று, அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பென்குயின் அந்த இரண்டு இடங்களையும் முன்னும் பின்னும் தாராளமாகச் சேர்த்து வெட்டியெடுத்து, வெளி டிஸ்க்கில் சேமித்தான். முதலாவது சமீபத்துப் பட்டியல். ஆனால் அகர வரிசையில் 'ந' முடிந்ததும் அறுந்து, அதற்குமேல் புதிதாக எழுதப்பட்ட ஏதோ ஒரு கோப்பின் குப்பை. புதுக் குடித்தனக்காரர்கள் அதுவரை வந்துவிட்டிருந்தார்கள். இரண்டாவது முழுதாக இருந்தது. ஆனால் அது மென்பொருள் எப்போதோ தானாக எடுத்துவைத்த, நாலு வருடத்துக்கு முந்தைய பிரதி.

"ரெண்டையும் சேத்தா, 'ந' வரைக்கும் முழுசா இருக்கும். 'ப'விலேருந்து நாலு வருஷம் போச்சு."

அவள் திரையைத் தானே நகர்த்திப் பார்த்தாள். அகர முதல் வரிசை வரிசையாக அவளுடைய சொற்கள், முதன்முறையாக ஒரே இடத்தில். சிலவற்றைப் பார்த்து இதெல்லாம் நானா வைத்தேன் என்று வியந்தாள். வியப்பதற்கும் நேரம் இல்லை.

"இப்ப நிறுவட்டுமா அண்ணி?"

"இரு. அந்த வெளி டிஸ்க்கைக் கழட்டு. கழட்டி என் கையில கொடு. அப்புறம் நிறுவு."

கொடுத்தான். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோடு இந்தமுறை கடைசிவரை நகர்ந்தது. லினக்ஸிலும் சுருக்கங்களை விரிக்க ஒரு மென்பொருள் இருந்தது. பட்டியலின் வடிவத்தை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. பெடலுக்கு மூன்று பொத்தான்களையும் பென்குயின் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். நாலு மணிக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் குரல் எட்டு நிமிடத்தில் முடிந்தது. பார்த்தால், அறிக்கையின் நடுவே 'மவஇ' என்று மொட்டையாக நின்றது. நோயாளிக்கு வலி உண்டா இல்லையா என்று சொல்லாமல் மூன்று எழுத்து விழித்துக்கொண்டிருந்தது. அது அவள் பிற்பாடு சேர்த்த சுருக்கம், போன நாலு வருடத்தில் ஒன்று. பதினான்கு வருடமாக அவள் திரையைப் பார்த்து அடித்தவள் அல்ல, கண்ணை மூடிக் காதால் அடிப்பவள். விரல்கள் தங்களுக்குத் தெரிந்ததை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. எது விரியும், எது விரியாது என்று விரல்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆக, ஒவ்வொன்றையும் அடித்துமுடித்து, தலையிலிருந்து கால்வரை வாசிக்க வேண்டியதாயிற்று. பென்குயின் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக விரல் ஓட்டினான். "இங்க ஒரு மொட்டை. இங்க இன்னொண்ணு." அவள் திருத்தினாள். திருத்தும்போதே அந்தச் சுருக்கத்தைப் பட்டியலில் மறுபடி சேர்த்தாள். அதற்கும் அரை நிமிடம். முதுகு கல்லாகிவிட்டது. கண்ணுக்குள் மணல்.

ஆறு மணிக்குப் பதினொன்றில் ஒன்பது அனுப்பியிருந்தாள். இரண்டு பாக்கி. தொலைபேசியை எடுத்து, நிறுவனத்தில் வேலையைப் பிரித்துக்கொடுக்கும் மேற்பார்வை அக்காவுக்கு அடித்தாள். பொய் சொல்லலாம், மின்சாரம் போனது என்று. அதற்கும் ஒரு கதை கட்ட வேண்டும்.

"அக்கா, நான் இன்னைக்கு சிஸ்டம் மாத்தினேன். சுருக்கப் பட்டியலை அழிச்சுட்டேன். காலைல அனுப்பின மூணு போக ஒம்பதுதான் முடிஞ்சது."

மறுமுனையில் விசைப்பலகை ஓசை கேட்டது. அந்த அக்காவும் ஒரு காலத்தில் பெடல் மிதித்தவள்தான்.

"பட்டியலையா?" என்றாள் அக்கா. குரல் இறங்கியது. "ஐயோ. முழுசாவா?"

"பாதி கிடைச்சுது."

"பாதிப் பட்டியலை வச்சுக்கிட்டா ஒம்பது அனுப்பினே?" விசைப்பலகை ஓசை மறுபடி எழுந்தது. "சரி. மீதி ரெண்டை வேற ஆளுக்குத் தள்ளிட்டேன். தவறினதா போடல, குறைவுன்னு போட்டிருக்கேன். நாளைக்குப் பத்து குரல்தான் அனுப்புவேன். அதுக்கு மேல கேக்காதே."

"கேக்கமாட்டேன் அக்கா."

வைத்தாள். இருக்கை இருந்தது. அதற்கு மகிழ வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் மகிழ்ச்சி எழுந்துவரவில்லை, அதுவும் எங்கோ கால் நீட்டிப் படுத்துவிட்டது போலிருந்தது.

பென்குயின் பட்டியலை மூன்று இடங்களில் நகல் எடுத்து, இனித் தினமும் அதுவாகவே நகல் ஆகும்படி செய்துகொண்டே, எப்படி என்று விளக்கவும் தொடங்கினான்.

"தம்பி," என்றாள். "அடுத்த வாரம் வந்து சொல்லு. உட்கார்ந்து கேக்கறேன், நிஜமா. இப்ப வீட்டுக்குப் போ."

அவன் போனபின் பட்டியலைத் திறந்து 'ப'வுக்கு வந்தாள். நாலு வருடத்தில் என்னென்ன சேர்த்தோம் என்று யோசித்தாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தலைக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நாளைக்கு டாக்டர்கள் பேசப் பேச, விரல்கள் ஒவ்வொரு மொட்டையாக எழுதிக்காட்டும். அவற்றைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு அடிக்கப் பழக வேண்டும்.

கணினியை அணைக்கும் பொத்தான் எங்கே என்று புதுத் திரையில் கொஞ்ச நேரம் தேடினாள்.