பஞ்ச் நம்பர் ஒன்று

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் உள்ள தோல் பட்டறை ஒன்றில், தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில், ஒரு குத்து எட்டு வருடமாக அந்தரத்தில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அந்த உயரத்தில் முகத்தைக் கொண்டுபோய் வைத்தால் இடது தாடையில் விழும். நம்பாதவர்கள் போய் நின்று பார்க்கலாம், பல் மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. தாராவியில் பஞ்ச் என்றால் எதுவும் ஆகலாம். தோலில் ஓட்டை போடுவது பஞ்ச், போடுகிற இரும்பும் பஞ்ச். ஆபீஸ்காரன் காலையில் கட்டைவிரல் வைப்பது பஞ்ச், சினிமாவில் ஹீரோ விரலை ஆட்டிச் சொல்வதும் பஞ்ச். போலீஸ்காரர் வந்து பஞ்ச் எங்கே என்றால் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடுகிறார். கொஞ்சம் இழுத்து பாஞ்ச் என்றால் இந்தியில் ஐந்து. இவ்வளவையும் ஒரே வாயால் பேசிக்கொண்டு இந்த ஊரில் இத்தனை பேர் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்.

தௌசீப் மேலப்பாளையத்திலிருந்து மனைவியோடு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வயது முப்பத்திரண்டு, ஊரில் வேன் ஓட்டியவன். இந்தி பாதிதான் பிடிபட்டிருந்தது. பட்டறை முதலாளி ஷாகிர்பாயும் அந்தப் பக்கத்துத் தமிழர்தான், ஆனால் வேலை ஏவுவது இந்தியில். அவர் பயணப் பெட்டியில் தொங்கவிடும் தோல் சீட்டு நானூறை அவன் முன்னால் கொட்டி, "சப் மே பஞ்ச் மார்" என்று சொல்லிவிட்டு வடாலாவுக்குப் போனார். எல்லாவற்றிலும் ஓட்டை போடு, சீட்டுக்கு ஒன்று, அவ்வளவுதான். தௌசீப்பின் காதில் அது பாஞ்ச் என்று விழுந்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து போட்டான். பாவி, நேர்த்தியாக வேறு போட்டான், நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று.

திரும்பி வந்த ஷாகிர்பாய், "ஏலே, வடிகட்டியா செஞ்சு வச்சிருக்க?" என்று முதல் குத்தை விட்டார். தாடை உடைந்த சத்தம் சந்துவரை கேட்டது. தௌசீப் பின்னால் சாய்ந்தான், மண்டை அவன் வேலை பார்க்கும் மெஷினின் இரும்பு முனையில் மோதியது, தரையைத் தொடுமுன் உயிர் போய்விட்டது. ஆனால் ஷாகிர்பாயின் இரண்டாவது குத்து அதற்குள் கிளம்பியிருந்தது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் முகம் இல்லை. வாங்க ஆளில்லாத குத்து அங்கேயே நின்றுவிட்டது. ஷாகிர்பாய் கையை மட்டும் இழுத்துக்கொண்டார்.

எண்ணெயில் வழுக்கி விழுந்தான் என்று அவர் சொன்னார். பதினோரு வேலையாட்களும் தலையாட்டினார்கள். தௌசீப்பை ஊரிலிருந்து கூட்டிவந்த கரீம் பாட்சாவும் ஆட்டினார், அதுதான் கொடுமை. அப்புறம் உடலைத் துணியால் மூடிவிட்டு நிமிர்ந்தார். குத்து விழுந்தது. இரண்டு பல் இரத்தத்தோடு தரையில் தெறித்தன. அவர் தாடையில் ஷாகிர்பாயின் மோதிரக் கல்லின் தடம் பதிந்திருந்தது, ஷாகிர்பாயோ எட்டடி தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தௌசீப்பின் மனைவி ஆஸியா ஓடிவந்தபோது பார்த்தது இந்த இரண்டு தாடைகளைத்தான். இரண்டிலும் ஒரே கல்லின் தடம். எங்கே நின்று வாங்கினார் என்று கரீம் பாட்சா கையால் காட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் சம்பவ இடத்துச் சாட்சி அறிக்கையான பஞ்சநாமாவை எழுத உட்கார்ந்து, இரண்டு பஞ்ச் வேண்டும் என்றார். முதலாளியைப் பார்த்துவிட்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். கையெழுத்துப் போட ஆளில்லாவிட்டால் தன் புருஷன் வழுக்கி விழுந்தவனாகவே மண்ணுக்குள் போவான் என்று ஆஸியாவுக்குத் தெரியும்.

"பஞ்ச் தானே சாப் வேணும்? அந்தா நிக்குல்லா!" என்று மெஷின் பக்கம் கை காட்டினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து போய் நின்றார், அடி வாங்கினார், உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுதினார். பஞ்ச் நம்பர் ஒன்று: குத்து. வயது: ஒன்றரை மணி நேரம். விலாசம்: சம்பவ இடம். தாளை அட்டையில் வைத்து அந்த உயரத்தில் பிடித்ததும் கல் அழுத்தமாகப் பதிந்தது. அதைக் கண்ட கரீம் பாட்சா வாயைப் பொத்தி அழுதுகொண்டே, பஞ்ச் நம்பர் இரண்டாகக் கையெழுத்துப் போட்டார்.

வழக்கு ஆறு வருடம் நடந்தது. தாளில் இருக்கும் பஞ்ச் வெறும் ஓட்டையைத்தான் குறிக்கும், ஓட்டை எப்படிச் சாட்சி சொல்லும் என்று ஷாகிர்பாயின் வக்கீல் மகேஷ்குமார் மடக்கினார். நீதிபதி, மாட்டுங்காவிலிருந்து வந்துகொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர் சுப்புலக்ஷ்மியிடம் அர்த்தம் கேட்டார். அந்த அம்மாள் ஒரு முழு மத்தியானம் பேசினார். ஆங்கிலத்தில் குத்துக்கும் ஓட்டைக்கும் வேர் ஒன்றே, லத்தீன்காரன் துளைப்பதற்குச் சொன்னது. பஞ்ச் என்கிற மதுபானம் நம் ஐந்திலிருந்து போனதாகப் பலர் சொல்கிறார்கள், ஐந்து சரக்கு சேர்வதால். சாட்சி பஞ்சும் ஐந்து பேர் கூடும் பஞ்சாயத்தின் வாரிசு. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, "எந்த வாசல் வழியா வந்தா என்ன சார், இப்போ அது மனுஷாளை அடிக்கறதே" என்று வக்கீலைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்.

குத்தே கிடையாது என்று ஷாகிர்பாய் சாதித்தார். அப்படியானால் அங்கே நிற்கட்டும் என்று நீதிபதி பட்டறைக்கே வந்துவிட்டார். ஷாகிர்பாய் குள்ளம், காலுக்கடியில் பலகை போட்டார்கள். ஏறினார். தன் கையால் விட்டது ஆறு வருடம் கழித்துத் தன் தாடைக்கே வந்து சேர, "உம்மா!" என்று அலறி விழுந்தார். பல்லைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். உடைந்த வாயால், நான்தான் அடித்தேன் என்றார். பத்து வருடம் போட்டார்கள்.

தீர்ப்பில் கடைசி வரி, வழக்குப் பொருட்களை அப்புறப்படுத்தச் சொன்னது. மறுவாரம் இரண்டு கான்ஸ்டபிள்கள் ஏணியும் சாக்குமாக வந்தார்கள். பட்டறை கைமாறி, தௌசீப்பின் மெஷினில் அப்போது ஆஸியா வேலை பார்த்தாள். அவள் ஐந்தடிகூட இல்லை, குத்து அவள் தலைக்கு மேலே நின்றது. ஏணியைப் பிடித்து நிறுத்தினாள்.

"வுட்டுருங்க சாப். இந்த பம்பாயில அவுக மொகம் இருந்த எடம்னு எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

கான்ஸ்டபிள்களில் மூத்தவர் ரிஜிஸ்டரை விரித்து, குத்து ஒன்று, உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி நீட்டினார். ஆஸியா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.