செயலாளர் வீட்டுச் சுண்டெலி

பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்புக்கு எட்டு வருடமாக அவர்தான் செயலாளர். பணி ஓய்வுக்குப் பிறகும் நாலு பேர் அவரை "சார்" என்று கூப்பிடுவது அந்தப் பதவியால்தான். அடுத்த மாதத் தேர்தலில் மேல்மாடிப் பல் டாக்டர் எதிர்த்து நிற்கப்போவதாகப் பேச்சு. டாக்டர் வீட்டில் எலி நடமாட்டம் இருப்பதாகவும் ஒரு துப்பு கிடைத்திருந்தது. உடனே பிறந்தது சுற்றறிக்கை எண் பதினேழு.

'சுத்தமில்லாத சமையலறைக்கே எலி வரும். எலி உள்ள வீட்டார் எப்பொறுப்பும் வகிக்கலாகாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு அனைத்து வீடுகளிலும் ஆய்வு. முன்மாதிரியாகச் செயலாளர் வீட்டிலிருந்தே தொடங்கும்.'

கடைசி வரியை எழுதி முடித்ததும் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

மறுநாளே அவர் வீட்டு அரிசி டப்பாவின் பின்னால் கறுப்பாகச் சில துணுக்குகள் கிடந்தன.

"சீரகம் சிந்தியிருக்கு" என்றார்.

"சீரகம்னா வாயில போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

அவர் போட்டுப் பார்க்கவில்லை. சேதப் பட்டியல் எழுதினார். மூன்று ஆப்பிளிலும் ஒவ்வொரு கடி. ரொட்டியின் ஓரம். ஓட்ஸ் பொட்டலத்தில் ஓட்டை. குளியல் சோப்பு, மெழுகுவர்த்தி, ஃப்ரிட்ஜ் வயர். எதையும் அது முழுதாகத் தின்னவில்லை. குறை சொல்லவே விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி எல்லாவற்றிலும் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு, எதையும் யாரும் தொட முடியாதபடி செய்துவிட்டுப் போயிருந்தது.

"இத்துனூண்டு எலி இவ்வளவா தின்னும்?"

"தின்னலைங்க. ஆய்வு பண்ணுது. உங்கள மாதிரியே."

தெரிந்த கடையில் எலிக்கூண்டு வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். இரண்டு பஸ் மாறிப் போய், காய்கறிப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். படங்களில் பார்த்த நம்பிக்கையில் பாலாடைக்கட்டி வைத்தார். எலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கூண்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பருப்பு டப்பாவின் மூடியைக் கடித்தது.

"தானியம், கடலைன்னா ஓடி வரும். சொன்னா கேட்டாத்தானே" என்றாள் மனைவி.

ஞாயிறு காலை, கூண்டைக் கண்ணில் படாமல் வைக்கச் சொல்லிவிட்டுச் சட்டையை இஸ்திரி போடப் போனார். அவள் நசுக்கிய வேர்க்கடலையைக் கூண்டில் வைத்து, அதை அடுப்புக்குப் பின்னால் தள்ளினாள்.

பத்து மணிக்குப் பல் டாக்டரும், முதல் மாடித் தையல்காரம்மாவும், மற்ற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். செயலாளர் அலமாரிகளைத் திறந்து திறந்து காட்டினார். "பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு."

அடுப்புக்குப் பின்னால் 'டப்' என்றது.

"என்ன சார் சத்தம்?" டாக்டர் கேட்டார்.

"குக்கர்."

"குக்கர் கீச்சுனு கத்துமா?"

மனைவி குனிந்து கூண்டை எடுத்து மேடைமேல் வைத்தாள். உள்ளே சுண்டெலி மீதிக் கடலையை நிதானமாகக் கொறித்துக்கொண்டிருந்தது. செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு வருடப் பதவி அந்தக் கம்பிகளுக்குள் உட்கார்ந்திருந்தது.

"நான் ராஜினாமா…" என்று ஆரம்பித்தார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "இவ்வளவு சின்னதா? எங்க வீட்டுது இதுல ரெண்டு பங்கு…" சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தையல்காரம்மா பெருமூச்சு விட்டார். "நான் மட்டும் என்ன? புது ரவிக்கையக் கிழிச்சுக் கூடு கட்டியிருக்கு. வெளிய சொன்னா எவ துணி குடுப்பா?"

அதற்குப் பிறகு போட்டிதான். எங்கள் வீட்டு எலி ரிமோட்டைத் தின்றது, எங்களுடையது பற்பசை மட்டும்தான் தொடும் என்று ஆளாளுக்குப் பெருமை. பேச்சு ஓய்ந்தபோது சுற்றறிக்கை ஒருமனதாக ரத்தாகியிருந்தது.

"நான் தேர்தல்ல நிக்கல. எலி பிடிக்கத் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான். இவரே இருக்கட்டும்" என்றார் டாக்டர். எல்லோரும் கைதட்டினார்கள். செயலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தார். வாசலில் வரிசையாக, மற்ற வீட்டுக்காரர்கள் வைத்துவிட்டுப் போன ஏழு கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வால் ஆடியது.

"பதவி வந்திருக்கு, எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள்.

கைக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் தரிசு நிலத்துக்கு முதல் நடை கிளம்பினார். மேல்மாடியிலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்.

"சார், சார்! கொஞ்சம் நில்லுங்க, இன்னொண்ணு மாட்டிக்கிச்சு!"

செயலாளர் நின்றார்.